டாமினோ டாம்சல் யாரையும் விடுவதில்லை: 4 அடி கடல்தொட்டியில் வைத்துக்கொள்வதா, எடுத்துவிடுவதா?

#1 அலைமகன்_சென்னை

எல்லோருக்கும் வணக்கம். வேளச்சேரியில் மாடி வீடு, ஹாலில் கடல்தொட்டி வைத்திருக்கிறேன். 4 x 1.5 x 1.5 அடி, கணக்குப்படி 250 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். கீழே சம்ப் (வடிகட்டும் துணைத் தொட்டி), அதில் ஸ்கிம்மர் (நுரையில் அழுக்கைப் பிரிக்கும் கருவி). உப்பு (அடர்த்தி எண்) 1.025, அமோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம், நைட்ரேட் 10 பிபிஎம் பக்கம் நிற்கிறது. கோரல் எதுவும் இல்லை, பாறையும் மீனும் மட்டும்தான். பாறை எல்லாம் டிரை ராக், அதாவது உயிர் எதுவும் ஒட்டாத காய்ந்த பாறை. நடுவில் ஒரே குன்றாக அடுக்கியிருக்கிறேன்.

மீன்கள்: ஒரு டாமினோ டாம்சல், ஒரு ஜோடி ஆசெலாரிஸ் கிளவுன், இரண்டு பங்காய் கார்டினல், கடைசியாக விட்ட ராயல் கிராமா.

பிரச்சினை டாமினோதான். அதுதான் இந்தத் தொட்டியின் முதல் மீன். தொட்டி தயாரா என்று பார்க்கக் கடையில் கொடுத்தார்கள், அப்போது கட்டைவிரல் நகத்தளவு இருந்தது. கடைப் பலகையில் செமி அக்ரெஸிவ் என்று போட்டிருந்தது. இப்போது 3 அங்குலம். இவ்வளவு நாள் கிளவுனைக் கொஞ்சம் முறைக்கும், அவ்வளவுதான். அக்னி நட்சத்திரம் தொடங்கியதிலிருந்து ஆள் மாறிவிட்டது. கிராமா, தண்ணீர் சம்புக்கு வழியும் ஓவர்ஃப்ளோ மூலையை விட்டு வெளியே வருவதில்லை, வால் துடுப்பு கிழிந்திருக்கிறது. கிளவுன் ஜோடி தண்ணீர் மட்டத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. கண்ணாடி துடைக்கக் கை விட்டால் என்னையும் கடிக்கிறது.

கடையில் திருப்பிக் கொடுப்பது சுலபம். ஆனால் வீட்டில் எல்லோருக்கும் பிடித்த மீன் அதுதான், என் மனைவிக்கு ரொம்பவே. எடுக்காமல் அடக்க வழி இருக்கிறதா?

#2 சுறா_குட்டி

ப்ரோ, ஒரு ட்ரிகர் மீன் வாங்கி உள்ளே விடுங்கள். இரண்டே நாளில் டாமினோ பெட்டிப் பாம்பு.

#3 ரீஃப்_ராணி

குட்டி, தயவுசெய்து இப்படி யோசனை சொல்லாதே. ட்ரிகர் டாமினோவை அடக்கும், அப்புறம் கார்டினலைத் தின்னும், கிராமாவைத் தின்னும், கடைசியில் பம்ப் ஒயரைக் கடிக்கும். நம் மீனவர்கள் கிளாத்தி என்பார்களே, அதே கூட்டம்தான். அதன் பல்லைப் பார்த்திருக்கிறாயா?

அலைமகன், என் கருத்து நேரானது: டாமினோவை எடுத்துவிடுங்கள். இது 12, 13 சென்டிமீட்டர் வரை வளரும் மீன். வளர வளரக் குணம் கடுமையாகும், இளகாது. இதன் கூடவே பங்காய் கார்டினல் மாதிரி நின்ற இடத்தில் நிற்கும் சாதுவை வைத்திருக்கிறீர்கள். டாமினோ இப்போது மாறாமல் இருந்திருந்தாலும் அந்தக் கூட்டணி நீடித்திருக்காது.

இன்னொன்று. தொட்டி தயாரா என்று பார்க்க உயிருள்ள டாம்சலை விடச் சொல்லும் வழக்கம் இன்னும் ஏன் தொடர்கிறது என்று தெரியவில்லை. டாம்சல் அமோனியாவைத் தாங்கும் என்பது உண்மைதான், அதற்காக அதைத் தாங்க வைக்க வேண்டியதில்லை. ஒரு துண்டு இறாலை அழுகவிட்டாலோ, அமோனியம் குளோரைடு போட்டாலோ அமோனியாவை உடைக்கும் பாக்டீரியா வளர்ந்துவிடும். நான்கிலிருந்து ஆறு வாரம் பொறுத்தால் போதும். இந்தக் குறுக்குவழியால் முழுத் தொட்டியும் தன்னுடையது என்று நினைக்கும் ஒரு மீன் முதலிலேயே உள்ளே குடியேறிவிடுகிறது. பிறகு எதை விட்டாலும் அதற்கு அத்துமீறல்தான்.

கிராமாவின் வாலைக் கவனியுங்கள். ஓரம் வெண்மையாகவோ சிவந்தோ தெரிந்தால் உடனே தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். அடிவாங்கிக்கொண்டே இருக்கும் மீனுக்குத்தான் கிரிப்டோ என்ற வெள்ளைப்புள்ளி நோய் முதலில் வரும்.

#4 உப்புக்காற்று

தீர்ப்புக்கு முன் சில கேள்விகள். தொட்டியின் வெப்பம் மதியம் எவ்வளவு, இரவு எவ்வளவு? தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் உண்டா? ஒரு நாளைக்கு எத்தனை வேளை தீனி? டாமினோ இரவில் எந்தப் பொந்தில் தூங்குகிறது என்று தெரியுமா?

#5 அலைமகன்_சென்னை

அண்ணா, சில்லர் இல்லை. மேலே இரண்டு ஃபேன். மதியம் 30.5 வரை போகிறது, விடியற்காலையில் 28. கரண்ட் போகிற நாளில் இன்னும் ஏறும். தீனி ஆபீஸ் முடிந்து வந்து இரவு ஒரு வேளை, பெல்லட்டும் உறைந்த ஆர்ட்டீமியாவும் (சின்ன உப்புநீர் இறால்). தூங்கும் பொந்து தெரியும், குன்றின் இடது பக்கம் அடியில் ஒரே பொந்துதான், மாறுவதே இல்லை.

#6 சுறா_குட்டி

30 டிகிரி ஒரு பிரச்சினையா? மன்னார் வளைகுடாவிலேயே கோடையில் 31 இருக்குமே. இது கடல் மீன்தானே?

#7 உப்புக்காற்று

குட்டி, நல்ல கேள்வி. கடலைப் பற்றிப் பாம்பன்காரன் வந்து சொல்லட்டும், நான் தொட்டியைப் பற்றிச் சொல்கிறேன்.

அலைமகன், படிப்படியாகச் சொல்ல முடியாது, எல்லாம் ஒன்றோடு ஒன்று பின்னிக்கிடக்கிறது. நீங்களே சொன்னீர்கள், அக்னி நட்சத்திரத்தில் ஆள் மாறிவிட்டது என்று. அது தற்செயல் இல்லை. ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் டாம்சல் குஞ்சுகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2010-இல் வெளிவந்தது. தண்ணீர் 3 டிகிரிக்குள் ஏறினாலே மீன்களின் துறுதுறுப்பு, துணிச்சல், சண்டைக் குணம் எல்லாம் சராசரியாகச் சில மடங்கு கூடியது. அதில் முக்கியமான விஷயம், எல்லா மீனும் ஒரே அளவில் மாறவில்லை. சில பெரிதாக மாறவில்லை, சில வெறிபிடித்த மாதிரி மாறின. உங்களுடையது இரண்டாவது வகையாக இருக்கலாம்.

காரணம் புரியாத விஷயம் இல்லை. மீனின் உடல் வெப்பம் தண்ணீரைப் பொறுத்தது. சூடு ஏறினால் உடல் எரிக்கும் சக்தி கூடும், பசி கூடும். அதே சமயம் சூடான தண்ணீர் ஆக்ஸிஜனைக் குறைவாகத்தான் பிடித்துவைக்கும். பசி கூடிய மீனுக்கு நீங்கள் 24 மணி நேரத்தில் ஒரே வேளை போடுகிறீர்கள். இயற்கையில் டாமினோ பகல் முழுக்க மிதவை உயிர்களைக் கொத்திக்கொண்டே இருக்கிற மீன். தீனி வரும் நேரம் ஒன்றே ஒன்று, இடம் ஒன்றே ஒன்று என்றால் அந்த இடத்துக்கு அது காவல் நிற்கும்.

அப்புறம் உங்கள் பாறை. நடுவில் ஒரே குன்று. தொட்டியின் எந்த மூலையில் நின்றாலும் அந்தக் குன்றின் மேலிருந்து டாமினோவால் பார்க்க முடியும். கிராமாவுக்கோ பொந்து இல்லாமல் வாழத் தெரியாது. தலைகீழாகக்கூட குகைக்குள் ஒட்டி நிற்கிற மீன் அது. இருக்கிற எல்லாப் பொந்தும் ஒரே ஆளின் கைவசம் என்றால் அது எங்கே போகும்? ஓவர்ஃப்ளோ மூலைக்குத்தான்.

ஆக, முதலில் வெப்பத்தை 26, 27-க்குக் கொண்டுவாருங்கள். ஃபேன் உதவும், ஆனால் சென்னை மாதிரி ஈரக்காற்று ஊரில் அது ஓரளவுக்குத்தான். ஃபேன் ஓடினால் தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. ஆகவே குறைந்த அளவுக்கு வெறும் ஆர்ஓ தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீரை இல்லை. சில்லர் வாங்கினால் அதைத் தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள் பூட்டிவைக்காதீர்கள். அது கக்கும் சூடு அங்கேயே சுற்றி மறுபடி தண்ணீரில் ஏறும்.

தீனியை மூன்று வேளையாகப் பிரியுங்கள். பகலில் வீட்டில் ஆள் இல்லாவிட்டால் ஆட்டோ ஃபீடர் போதும். இரவில் போடும்போது இரண்டு மூலையிலும் ஒரே நேரத்தில் போடுங்கள்.

பாறையை முழுக்கக் கலைத்து, இடையில் வெளி விட்டு இரண்டு குன்றாக அடுக்குங்கள். ஒரு பக்கமிருந்து மறுபக்கம் தெரியக் கூடாது. இதுவரை அந்த மீனுக்கு மனப்பாடமாக இருந்த வரைபடம் அழிந்துவிடும். இதைச் செய்யும்போது டாமினோ தொட்டியில் இருக்கக் கூடாது என்பது முக்கியம்.

#8 ரீஃப்_ராணி

மேற்கோள்: "பாறையை முழுக்கக் கலைத்து, இரண்டு குன்றாக அடுக்குங்கள்"

சார், இதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பாறையை மாற்றினால் ஒரு வாரம் அமைதியாக இருக்கும், பிறகு புது வரைபடத்தையும் மனப்பாடம் செய்துவிடும். கோயம்புத்தூரில் எனக்குத் தெரிந்த இரண்டு தொட்டிகளில் இதே கதைதான். டாம்சலுக்கு மறதி இருக்கிறது என்று நம்பி ஏன் மற்ற மீன்களை வைத்துச் சோதிக்க வேண்டும்?

#9 உப்புக்காற்று

பாறையை மட்டும் மாற்றினால் நீங்கள் சொல்வதுதான் நடக்கும். அதனால்தான் டாமினோவை வெளியே எடுத்துவிட்டுச் செய்யச் சொன்னேன். மற்ற மீன்கள் முதலில் இடம் பிடிக்க வேண்டும், டாமினோ கடைசியில் புதிய ஆளாக வர வேண்டும். வரிசை மாறினால் அதிகாரமும் மாறும். எல்லா மீனிலும் பலிக்காது, பெரிய வளர்ந்த டாமினோவில் பலிக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். 3 அங்குலத்தில் முயன்று பார்க்கலாம்.

#10 பாம்பன்காரன்

கூப்பிட்டதற்கு வந்துவிட்டேன்.

டாமினோவை இங்கே பாறைப் பகுதியில் நிறையப் பார்க்கலாம். செங்கடலிலிருந்து பசிபிக் தீவுகள் வரை பரவிய மீன் இது. கறுப்பு உடம்பில் மூன்று வெள்ளைப் பொட்டு, நெற்றியில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று. வளர்ந்தால் பொட்டுகள் சுருங்கி மங்கிவிடும், நெற்றிப் பொட்டு பெரும்பாலும் காணாமலே போகும். கடையில் பொட்டுக்காக வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

குஞ்சாக இருக்கும்போது இவை கூட்டமாகப் பெரிய கடல் சாமந்தியிலோ (பூ மாதிரி விரியும் கடல் உயிர், அனிமோன்), முள்ளெலி மாதிரி இருக்கிற கடல்முள்ளியின் இடையிலோ, கிளைப் பவளத்திலோ ஒட்டி வாழும். கவனியுங்கள், சாமந்தி கிளவுனின் வீடும்கூட. ஒரே சாமந்தியில் கிளவுன் ஜோடியும் டாமினோ குஞ்சுகளும் சேர்ந்து இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். கிளவுன் அவ்வப்போது விரட்டும், குஞ்சுகள் ஓரத்துக்கு நகரும், திரும்பி வரும். யாருக்கும் காயம் இருக்காது, ஏனென்றால் நகர இடம் இருக்கிறது. வளர்ந்த பிறகு டாமினோ சாமந்தியை விட்டுவிட்டு, பாறைக்கு மேலே கூட்டமாக மிதந்து மிதவைத் தீனி தின்னும். ஆண் மீன் முட்டைக்குக் காவல் நிற்கும்போது மட்டும் முக்குளிக்கிற ஆளையே முட்ட வரும். முட்டை இல்லாவிட்டாலும், அலைமகனின் கையைக் கடிப்பது அதே மாதிரி காவல் குணம்தான்.

ஆக உங்கள் தொட்டியில் கிளவுனும் டாமினோவும் ஒரே மாதிரியான இடத்துக்குத்தான் ஆசைப்படுகின்றன. கடலில் அங்கிருந்து நகர்ந்து போகிற தூரம், உங்கள் வீட்டில் கண்ணாடியோடு முடிந்துவிடுகிறது.

குட்டி கேட்ட வெப்பம்: உண்மை, ஏப்ரல், மே மாதங்களில் ஆழம் குறைந்த இடங்களில் 30-ஐத் தாண்டும். அதன் விளைவும் தெரியும்தானே, 2010-இலும் 2016-இலும் இங்கே பவளங்கள் வெளுத்துப் போயின. மீனாவது ஆழமான பக்கம் இறங்கிக்கொள்ளும். 18 அங்குலத் தொட்டியில் எங்கே இறங்கும்?

இன்னொரு விஷயம், பலருக்குத் தெரியாது. துரத்தும்போது டாமினோ சத்தம் போடும். கண்ணாடியில் காது வைத்தால் டொக் டொக் என்று கேட்கும்.

#11 அலைமகன்_சென்னை

அண்ணே, அந்தச் சத்தம் எனக்குக் கேட்டிருக்கிறது! ஸ்கிம்மர் பம்ப் கெட்டுவிட்டது என்று நினைத்து இரண்டு முறை கழற்றிப் பார்த்தேன்.

#12 சுறா_குட்டி

பாம்பன் அண்ணே, பாறையை மாற்றி அடுக்கும்போது கொஞ்சம் நல்ல லைவ் ராக்கும் (உயிர்கள் ஒட்டிய கடல்பாறை) சேர்த்தால் பொந்துகள் கூடுமே. ராமேஸ்வரம் போகும்போது கரையில் கிடக்கும் பவளப் பாறையை எடுத்துக்கொள்ளலாமா? செத்ததுதானே?

#13 பாம்பன்காரன்

கூடாது தம்பி. பவளம் 2001-இலேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது, புலிக்கு இருக்கிற அதே அட்டவணை. கடல்குதிரை, கடல் அட்டை, கடல் விசிறி எல்லாமே அந்தச் சட்டத்தின் பாதுகாப்பில் உண்டு. செத்தது, கரையில் ஒதுங்கியது என்று சொல்லி வண்டியில் ஏற்றினால் வனத்துறை செக்போஸ்டில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அதுவும் இங்குள்ள 21 தீவுகளும் தேசியப் பூங்கா. டிரை ராக் போதும், சில மாதங்களில் அதிலும் பாக்டீரியா குடியேறிவிடும். பொந்து வேண்டுமென்றால் இரண்டு துண்டுகளை எபாக்ஸி வைத்து ஒட்டி நீங்களே குகை செய்யலாம்.

மீன் வாங்குவதாக இருந்தால் கடலில் பிடித்ததைவிடப் பண்ணையில் பொரித்ததைக் கேளுங்கள். மண்டபத்தில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் கிளவுன் வகைகளையும் டாமினோ உட்படச் சில டாம்சல்களையும் முட்டையிடவைத்து வளர்க்கும் முறையை எப்போதோ உருவாக்கிவிட்டார்கள். தொட்டியில் பிறந்த மீன் பெல்லட் தின்னப் பழகியே வரும். குணம் மட்டும் அப்படியேதான் இருக்கும், டாமினோ டாமினோதான்.

#14 அலைமகன்_சென்னை

சரி, உப்புக்காற்று அண்ணா சொன்ன வழியில் போகிறேன். சில்லருக்குச் சொல்லிவிட்டேன். இப்போதைக்கு ஹாலில் ஏசி. தீனி மூன்று வேளை ஆக்கியதுமே கொஞ்சம் மாற்றம் தெரிகிறது, தீனி நேரத்தில் கிராமா முக்கால் உடம்பு வெளியே வருகிறது.

இப்போது கேள்வி: இதைப் பிடிப்பது எப்படி? வலையைப் பார்த்தாலே பொந்துக்குள் போய்விடுகிறது.

#15 சுறா_குட்டி

2 லிட்டர் பாட்டிலின் மேல் பகுதியை வெட்டித் தலைகீழாகச் செருகி, உள்ளே இறால் துண்டு வையுங்கள். எங்கள் வீட்டில் டாம்சல் பிடித்தது அப்படித்தான்.

#16 ரீஃப்_ராணி

இந்த முறை குட்டி சொல்வது நல்ல யோசனை. ஆனால் டாமினோ தட்டை உடம்பு, உயரம் அதிகம். 3 அங்குல மீன் பாட்டில் கழுத்து வழியாக நுழையாது. கழுத்தை அகலமாக வெட்டிவிட்டுச் செருகுங்கள், விளிம்பைத் தேய்த்து மழுங்க வையுங்கள். முதல் சில நாள் பிடிக்க முயலாமல் பாட்டிலுக்குள்ளேயே தீனி போட்டுப் பழக்குங்கள். மற்ற மீன்களும் நுழையும், அவசரப்பட்டு இழுத்தால் கிளவுன்தான் வரும்.

#17 நெடுந்தீவான்

வணக்கம். நான் ரொறன்ரோவில் இருக்கிறன், உங்கட இழையை ஆரம்பத்தில் இருந்து வாசிச்சு வாறன். எங்களுக்கு இங்கே சூடு பிரச்சினை இல்லை, மற்றப் பக்கம்தான், ஹீட்டர் பழுதானால் கதை முடிஞ்சுது. ஆனால் டாம்சல் எங்கேயும் டாம்சல்தான்.

பொறிக்குள்ளே வராத கள்ளன் என்றால் தூண்டில் போடுங்கோ. பகிடி இல்லை. கடையில் இருக்கிற ஆகச் சின்னக் கொக்கியை எடுத்து, அதின்ர எதிர்முள்ளைக் குறடால் வடிவாக நசுக்கி மட்டமாக்கிப் போடுங்கோ. மெல்லிய நரம்பில் கட்டி, இறால் துணுக்குக் குத்தி, தடி இல்லாமல் கையாலேயே இறக்குங்கோ. டாமினோதான் எல்லாத்துக்கும் முந்தி வந்து கவ்வும், அதின்ர பேராசை உங்களுக்கு உதவும். கவ்வினவுடன் வாளித் தண்ணிக்குள்ளே இறக்கி, நனைஞ்ச கையால் கழற்றுங்கோ. எதிர்முள் இல்லாத கொக்கி தன்பாட்டில் கழண்டுவிடும், காயம் ஊசி குத்தின அளவுதான்.

#18 உப்புக்காற்று

தூண்டில் வேலை செய்யும், ஆனால் இங்கே அது தேவைப்படாது என்று நினைக்கிறேன். அலைமகன், தூங்கும் பொந்து தெரியும் என்றீர்களே, அது உங்கள் அதிர்ஷ்டம். எப்படியும் பாறையைக் கலைக்கப் போகிறீர்கள். விளக்கை அணைத்துச் சில மணி நேரம் கழித்து, சிவப்புத் தாள் சுற்றிய டார்ச் அடித்து, மீன் உள்ளே இருப்பதை உறுதிசெய்துவிட்டு, அந்தப் பாறையை மீனோடு சேர்த்து வாளிக்குள் இறக்கிவிடுங்கள். பொந்தின் வாயைக் கையால் மூடிக்கொள்ளுங்கள், கையுறை போட்டுக்கொண்டு. மேலே இருக்கும் பாறைகளை அன்று மாலையே எடுத்து வைத்துவிட்டால் அடிப்பாறை சுலபமாக வரும்.

பிடித்ததும் சம்பில் விடுங்கள். அதே தண்ணீர், அதே வெப்பம், தனியாகத் தொட்டி தயார் செய்ய வேண்டியதில்லை. தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்பின் வாய்க்கு ஸ்பாஞ்ச் போடுங்கள். ஒரு பிவிசி எல்போ வைத்தால் ஒளிய இடம் ஆகும். இரண்டு, மூன்று வாரம் அங்கேயே இருக்கட்டும், பட்டினி போடாதீர்கள். மேலே கிராமாவும் கிளவுனும் பொந்து பிடித்து, பயமில்லாமல் நடுத்தொட்டிக்கு வந்து தின்னத் தொடங்கின பிறகுதான் அடுத்த கட்டம்.

திருப்பி விடும்போது நேராகக் கொட்டாதீர்கள். ஓட்டை போட்ட அக்ரிலிக் பெட்டியில் வைத்து, தொட்டிக்குள் மிதக்கவிட்டுச் சில நாள் வையுங்கள். ஒன்றையொன்று பார்க்கட்டும். பெட்டிக்குள்ளிருந்து ஓயாமல் முட்டிக்கொண்டே இருந்தால் அதுவே உங்களுக்குப் பதில். அமைதியானால் விளக்கு அணைந்த பிறகு திறந்துவிடுங்கள். மறுநாள் காலை தொட்டியின் ஒரு பக்கத்தில், வெளியே, முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைச் சாய்த்து வையுங்கள். தன் பிம்பத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கும், மற்றவர்களுக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். ஆனால் நாள் முழுக்க வைக்காதீர்கள், அதுவும் களைத்துப்போகும்.

#19 சுறா_குட்டி

கூடவே பெரிதாக, அமைதியாக ஏதாவது வைத்தால்? ஃபாக்ஸ்ஃபேஸ் மாதிரி. டாமினோ அதனிடம் வாலாட்டாது.

#20 பாம்பன்காரன்

ஃபாக்ஸ்ஃபேஸ் நம்ம ஊர் ஓராவின் சொந்தக்காரன். அமைதியானதுதான், பாசியும் தின்னும். முதுகு முள்ளில் விஷம் இருக்கிறது. வலையில் ஓரா விழுந்தால் எங்கள் ஆட்கள் வெறுங்கையால் தொட மாட்டார்கள். குத்தினால் தாங்குகிற சூட்டில் வெந்நீரில் கையை முக்கி வைக்க வேண்டும், வலி குறைய நேரம் ஆகும்.

#21 உப்புக்காற்று

முள் ஒரு பக்கம். அது 20 சென்டிமீட்டருக்கு மேல் வளரும், நீந்த நீளம் வேண்டும். இந்த 4 அடியில் வேண்டாம். இங்கே பிரச்சினையே இடம் போதாதது, அதில் இன்னொரு ஆளா?

#22 அலைமகன்_சென்னை

நிலவரம் சொல்கிறேன்.

இரவில் பாறையோடு தூக்கியதில் முதல் முயற்சியிலேயே வாளிக்கு வந்துவிட்டது. நெடுந்தீவான் அண்ணை மன்னிக்க வேண்டும், தூண்டிலுக்கு வேலை வரவில்லை. மூன்று வாரம்போல சம்பில் இருந்தது. அங்கேயும் சும்மா இல்லை, எல்போவைத் தள்ளித் தள்ளித் தன் இஷ்டத்துக்கு இடம் மாற்றிக்கொண்டது. மேலே பாறையை இரண்டு குன்றாக்கி, இடது குன்றில் மூன்று சின்னப் பொந்து, டாமினோ நுழைய முடியாத அளவுக்கு. கிராமா மறுநாளே அதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டது. வால் ஆறிவிட்டது. சில்லர் வந்து 26.5-இல் நிற்கிறது.

டாமினோவைப் பெட்டியில் வைத்தபோது முதல் நாள் ஒரே ஆட்டம், பிறகு குறைந்தது. திறந்து விட்டதும் வலது குன்றுக்குப் போய்விட்டது. இப்போது கிளவுன் ஜோடியில் பெரியது, பெண், அதை எதிர்த்து நிற்கிறது. முன்பு இது நடக்கவே நடக்காது. துரத்தல் இன்னும் இருக்கிறது, தீனி நேரத்தில் அதிகம். ஆனால் துரத்தி ஓரடி போனதும் திரும்பிவிடுகிறது. துடுப்புக் கிழிசல் புதிதாக எதுவும் இல்லை.

பங்காய் கார்டினல் மட்டும் சரிப்படவில்லை. அவை ஒளிவதும் இல்லை, ஓடுவதும் இல்லை, நின்ற இடத்தில் அடி வாங்குகின்றன. இரண்டையும் அடையாறில் ஒரு நண்பரின் தொட்டிக்கு அனுப்பிவிட்டேன். அங்கே சாதுக்கள் மட்டும்தான்.

#23 ரீஃப்_ராணி

கார்டினலை அனுப்பியது சரியான முடிவு. அதிலேயே என் பாதி வாதம் அடங்கிவிட்டது, டாமினோ இருக்கும் தொட்டியில் யார் இருக்கலாம் என்பதை டாமினோதான் முடிவு செய்கிறது. பாறையையும் வெப்பத்தையும் மாற்றியது பலன் தந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அது இன்னும் 3 அங்குலம். 5 அங்குலம் ஆகும்போது அந்தப் பெண் கிளவுன் தாக்குப்பிடிக்குமா? அப்போது எங்கே கொடுப்பது என்று இப்போதே ஓர் இடம் பார்த்துவையுங்கள். அடுத்த மே மாதம் சில்லருக்கு இன்வெர்ட்டர் தாங்குமா என்பதையும்.

#24 உப்புக்காற்று

இதில் ராணியோடு எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. அலைமகன், சில்லர் இன்வெர்ட்டரில் ஓடுவது சிரமம், மோட்டார் எடுக்கும் தொடக்கக் கரண்ட் அதிகம். பவர் போனால் வேவ்மேக்கர் (தண்ணீரை அசைக்கும் சின்னப் பம்ப்) ஒன்றாவது ஓட வேண்டும், தண்ணீரின் மேல் பரப்பு அசைந்தால்தான் ஆக்ஸிஜன் ஏறும். பேட்டரி ஏர்பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள். புது மீன் எதுவும் இனி வேண்டாம். ஆசை வரும், வரத்தான் செய்யும்.

#25 அலைமகன்_சென்னை

வரவில்லை என்றால் பொய். நேற்றுகூடக் கடையில் ஒரு ஃப்ளேம் ஏஞ்சலைப் பார்த்துவிட்டு வந்தேன். பார்த்தேன், அவ்வளவுதான். ஏர்பம்ப் வாங்கியாயிற்று. டாமினோ 4 அங்குலம் தாண்டினால் தாம்பரத்தில் 6 அடி தொட்டி வைத்திருக்கும் ஒருவர் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.

#26 புதுத்தொட்டி_திருச்சி

இந்த இழையை முழுவதும் படித்தேன். என்னிடம் 2 அடி தொட்டி, 60 லிட்டர் பக்கம். டாமினோ குஞ்சு ஒன்றே ஒன்று, தனியாக, வேறு மீனே இல்லாமல் வைத்தால் சண்டைக்கு ஆள் இருக்காதே? வைக்கலாமா?

#27 ரீஃப்_ராணி

சண்டைக்கு ஆள் இருக்காது, நீந்த இடமும் இருக்காது. ஒரு வருடம் ஓடும், பிறகு அலைமகன் மாதிரி தாம்பரம் தேட வேண்டியிருக்கும், திருச்சியில் அது இன்னும் கஷ்டம். 60 லிட்டரில் பண்ணையில் பொரித்த ஆசெலாரிஸ் ஜோடி ஒன்று வையுங்கள், கூட ஒரு சின்ன கோபி மீன், சில நத்தை. அதுவே நிறைவு. முதலில் இறால் துண்டு போட்டு தொட்டியை ஓடவிடுங்கள், உப்பு அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள், மிதவை ஹைட்ரோமீட்டர் நம்ப முடியாது. அமோனியா, நைட்ரைட் பூஜ்யத்துக்கு வந்ததும் புது இழை தொடங்கி அளவுகளைப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறோம்.